டாக்கரில் மெம்பூல் எக்ஸ்ப்ளோரர்: திரை வரும், முகவரி வருமா?

மெம்பூல் என்னும் பிட்காயின் எக்ஸ்ப்ளோரரின் (பரிவர்த்தனைகளையும் முகவரிகளையும் தேடிப் பார்க்கும் கருவி) பொதுத் தளத்தை எட்டிப் பார்க்காத பிட்காயின் பயனர் அபூர்வம். இடப்பக்கம் வரிசையில் நிற்கும் பரிவர்த்தனைகள், வலப்பக்கம் மைனர்கள் முடித்துவைத்த பிளாக்குகள் (பரிவர்த்தனைத் தொகுப்புகள்), நடுவில் ஒரு கோடு. எவ்வளவு கட்டணம் போட்டால் எத்தனையாவது பிளாக்கில் ஏறலாம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதே மென்பொருளை, அதை எழுதியவர்களே டாக்கர் இமேஜ்களாகவும் (மென்பொருளைக் கட்டிவைத்த, அப்படியே ஓட்டக்கூடிய பொதிகள்) வெளியிடுகிறார்கள். ஏஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம், காசு கிடையாது. வீட்டு சர்வரிலோ வாடகை சர்வரிலோ யாரும் ஓட்டலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மென்பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறையெல்லாம் கூடவே வரும் மாதிரி கம்போஸ் கோப்பில்தான் (எதை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் கோப்பு). நோடு (பிட்காயின் வலையில் சேர்ந்து சங்கிலியைச் சரிபார்க்கும் நிரல்) தயாராக இருந்தால், அந்தக் கோப்பைச் சற்றே தட்டிக்கொட்டிப் பத்து நிமிடத்தில் திரையை வரவழைத்துவிடலாம். பிளாக்குகள் நகரும், கட்டண வரைபடம் ஓடும், பார்க்க ஜோராக இருக்கும். சொந்த முகவரி ஒன்றைத் தேடினால் மட்டும் கையை விரித்துவிடும். சொந்த முகவரியை அடுத்தவர் சர்வரில் தேடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை பாடு?

பொது எக்ஸ்ப்ளோரரில் ஒரு முகவரியைத் தட்டும்போது, இந்த ஐபியில் இருப்பவருக்கு இந்த முகவரியில் அக்கறை உண்டு என்ற செய்தி அந்த சர்வருக்குப் போகிறது. அடுத்தடுத்து நான்கு முகவரிகளைத் தேடினால், நான்கும் ஒரே வாலட்டாக இருக்கலாம் என்ற ஊகமும் சேர்ந்தே போகிறது. அதைப் பதிந்து வைக்கிறார்களா இல்லையா என்பது அவர்கள் நேர்மையைப் பொறுத்தது. சொந்த எக்ஸ்ப்ளோரரின் பெரிய லாபம் இதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

பொதியில் வருவது மூன்று கண்டெய்னர், அதாவது இமேஜிலிருந்து தனித்தனியே ஓடும் மூன்று பெட்டிகள். ஆங்குலரில் எழுதிய பக்கங்களை என்ஜின்எக்ஸ் வழியாகப் பரிமாறும் ஃப்ரண்ட்எண்ட் ஒன்று; உள்ளே 8080 போர்ட்டில் கேட்கும், மாதிரிக் கோப்பு அதை வெளியே 80-இல் திறக்கிறது. டைப்ஸ்கிரிப்டில் எழுதி நோட்ஜேஎஸ்ஸில் ஓடும் பேக்எண்ட் இரண்டாவது, 8999 போர்ட். மூன்றாவது மரியாடிபி என்ற டேட்டாபேஸ். நோடாக ஓடும் பிட்காயின் கோர் மென்பொருள் இந்தப் பொதியில் கிடையாது. அது ஏற்கெனவே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கோப்பு எழுதப்பட்டிருக்கிறது. கண்டெய்னர் என்றதும் ‘எல்லாம் உள்ளேயே இருக்கும்’ என்று நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

நோடு தயாராக இருக்கிறதா?

பிளாக்குகளின் முழுச் சங்கிலி 600 ஜிபியை எப்போதோ தாண்டிவிட்டது. ப்ரூன் செய்த, அதாவது பழைய பிளாக்குகளை அழித்துவிட்ட, நோடு உதவாது. எந்தப் பரிவர்த்தனையையும் அதன் அடையாள எண்ணைக் கொண்டு எடுக்க, கோரின் அமைப்புக் கோப்பில் ‘டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1’ வேண்டும்; ப்ரூனும் அதுவும் ஒன்றாக இருக்க முடியாது, நோடு எழும்போதே மறுத்துவிடும். இந்த அட்டவணை மட்டும் பல பத்து ஜிபி எடுக்கும். முன்பே முழுதாக ஒத்திசைந்த நோடு என்றால் பயப்பட வேண்டாம்: வரியைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், பின்னணியில் அட்டவணை வளரும். முதலிலிருந்து ரீஇண்டெக்ஸ் செய்யச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, 0.17-க்கு முந்தைய காலத்து அறிவுரை அது. வேலை எவ்வளவு முடிந்தது என்பதை ‘கெட்இண்டெக்ஸ்இன்ஃபோ’ கட்டளை சொல்லும். அது முடியும் முன் மெம்பூலை எழுப்பினால், பழைய பரிவர்த்தனைகளைத் திறக்கும்போதெல்லாம் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழை வரும். மென்பொருளில் கோளாறு என்று நினைத்துப் பாதிப் பேர் இதில் மெனக்கெடுகிறார்கள்.

டிஸ்க் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனைப் பக்கத்தைத் திறக்க, அதன் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் பின்னால் இருக்கும் பழைய பரிவர்த்தனையையும் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. இருநூறு உள்ளீடு என்றால் டிஸ்கில் இருநூறு இடத்தில் தாவல். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அந்தப் பக்கம் வருவதற்குள் காபி ஆறிவிடும். 1 டிபி எஸ்எஸ்டியில் இடம் இழுபறி; கீழே சொல்லப்போகும் முகவரி அட்டவணையையும் கணக்கில் கொண்டால் 2 டிபி வாங்குவதே அறிவு.

ஆர்பிசி இணைப்பு: ஐந்து பிழை, ஐந்து காரணம்

பேக்எண்ட் கண்டெய்னர் கோரை ஆர்பிசி வழியாக, அதாவது மற்ற நிரல்கள் கோருக்குக் கட்டளை அனுப்பும் வாசல் வழியாக, 8332 போர்ட்டில் கூப்பிட வேண்டும். மாதிரிக் கோப்பில் கோரின் முகவரி 172.27.0.1 என்று எழுதியிருக்கும். உங்கள் கணினியில் டாக்கர் அந்த எண்ணைத்தான் கொடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொரு கம்போஸ் வலைக்கும் 172.18, 172.19 என்று கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது டாக்கரின் வழக்கம். அதை மாற்றாமல் விட்டால் பேக்எண்ட் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

லாக்கில் என்ன பிழை வருகிறது என்பதைப் பார்த்தாலே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடலாம்.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. 127.0.0.1 என்று போட்டவர்களுக்கு இது நிச்சயம் வரும், ஏனென்றால் கண்டெய்னருக்குள் அந்த எண் கண்டெய்னரையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. முகவரி சரியாக இருந்தும் வந்தால், கோரில் ‘ஆர்பிசிபைண்ட்’ வரி இல்லை. ‘ஆர்பிசிஅலோஐபி’ மட்டும் போட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கோர் வெளி முகவரியில் காது கொடுக்கும்.

உடனே மறுக்காமல், நிமிடக்கணக்கில் காத்து டைம்அவுட் ஆனால் அது ஃபயர்வால். கண்டெய்னரிலிருந்து ஹோஸ்ட்டுக்கு (டாக்கர் ஓடும் கணினிக்கு) வரும் போக்குவரத்தை யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வால் வெளியாள் போலவே நிறுத்திவைக்கும். அந்த வலையின் எல்லைக்கு மட்டும் 8332-ஐத் திறந்துவிட வேண்டும்.

403 வந்தால் கதவு திறந்திருக்கிறது, காவலாளி உள்ளே விடவில்லை: அலோஐபி எல்லைக்குள் கண்டெய்னரின் ஐபி அடங்கவில்லை. 401 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 503-உடன் வேலை வரிசை நிரம்பிவிட்டது என்று வந்தால், எல்லாம் சரி, கோருக்கு மூச்சு முட்டுகிறது. ‘ஆர்பிசித்ரெட்ஸ்’, ‘ஆர்பிசிவொர்க்க்யூ’ இரண்டையும் உயர்த்துங்கள். பழைய பதிப்புகளில் இவற்றின் இயல்பு மதிப்பு 4-உம் 16-உம். மெம்பூலும் இன்னொரு அட்டவணைச் சேவையும் ஒன்றாக மொய்த்தால் அது போதாது.

இந்த முகவரிச் சிக்கலுக்கு நிரந்தர வழி இரண்டு. கோரையும் கண்டெய்னராக ஓட்டி, அதே கம்போஸ் வலையில் சேர்த்து, எண்ணுக்குப் பதில் சேவைப் பெயரால் கூப்பிடுவது முதல் வழி. இதுதான் சுத்தம். கோர் ஹோஸ்ட்டிலேயே இருக்க வேண்டுமென்றால், கம்போஸ் கோப்பில் வலையின் எல்லையை நீங்களே எழுதி நிலைநிறுத்துங்கள். இதில் ஒரு பொறி உண்டு. கோரை டாக்கர் பாலத்தின் (கண்டெய்னர் வலைக்கும் ஹோஸ்ட்டுக்கும் இடையிலான இணைப்பு) ஐபியில் கட்டிவைத்தால், கணினி ரீபூட் ஆகும்போது டாக்கருக்கு முன் கோர் எழுந்துவிடக்கூடும். அப்போது அந்த ஐபியே பிறந்திருக்காது. கோர் அதைக் கைவிட்டு உள்முகவரியில் மட்டும் கேட்கத் தொடங்கும். ‘நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் டாக்கருக்குப் பிறகே கோர் எழ வேண்டும் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

பாஸ்வேர்டைப் பற்றியும் கொஞ்சம். கோர் தானே எழுதும் உள்நுழைவுக் குக்கி கோப்பை மட்டும் தனியாகக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்யாதீர்கள். கோர் ஒவ்வொரு முறை எழும்போதும் புதுக் குக்கி எழுதும்; தனிக் கோப்பாக மவுண்ட் செய்திருந்தால் கண்டெய்னர் பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும், 401 வரும். கோப்புறையையே மவுண்ட் செய்யலாம், ஆனால் அனுமதிச் சிக்கல் முளைக்கும். கோரின் மூலத்தோடு வரும் சிறு பைதான் நிரலைக் கொண்டு ‘ஆர்பிசிஆத்’ வரி தயாரித்துக்கொள்வது மேல். அந்த வரியில் டாலர் குறி இருக்கும். கோரின் அமைப்புக் கோப்பில் அதனால் தொல்லை இல்லை. கோரையும் கண்டெய்னராக ஓட்டி, அதே வரியைக் கம்போஸ் கோப்பில் கட்டளையாகக் கொடுத்தால் மட்டும் டாலரை இரட்டிப்பாக்க வேண்டும், இல்லையென்றால் கம்போஸ் அதை மாறியின் பெயர் என்று எண்ணிப் பாதியை விழுங்கிவிடும். பழைய முறையில் பாஸ்வேர்டை நேராக எழுதுபவர்கள் ஹாஷ் குறியை (#) தவிர்க்கவும். கோர் அதைக் குறிப்புரையின் தொடக்கமா பாஸ்வேர்டின் பகுதியா என்று குழம்பி எழ மறுக்கும்.

அந்த நோடில் வாலட் ஏதும் இருக்கக் கூடாது. ஆர்பிசி பாஸ்வேர்டு கையில் இருப்பவர் வாலட்டில் இருப்பதையும் செலவழிக்கலாம், அந்தப் பாஸ்வேர்டோ கம்போஸ் கோப்பில் வெட்டவெளியாகக் கிடக்கிறது. வாலட் வசதியையே அணைத்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரருக்கு அது தேவையில்லை.

மாதிரிக் கோப்பில் கை வைக்க வேண்டிய இடங்கள்

பேக்எண்டும் டேட்டாபேஸும் 1000:1000 என்ற பயனராக ஓடும்படி எழுதியிருக்கிறார்கள். ரூட்டாக ஓடாதது நல்லதே. ஆனால் கம்போஸ் கோப்பை மட்டும் தனியே பிரதியெடுத்து ஓட்டினால், கேச், டேட்டாபேஸ் இரண்டுக்குமான கோப்புறைகளை டாக்கர் ரூட் பெயரில் உருவாக்கும். பிறகு 1000 என்ற பயனர் அங்கே எழுத முடியாமல் மரியாடிபி விழும், அதற்காகக் காத்திருக்கும் மற்ற இரண்டும் தொங்கும். கோப்புறைகளை முன்பே உருவாக்கி உரிமையை மாற்றிவிடுங்கள்.

டேட்டாபேஸ் பெயரும் பாஸ்வேர்டும் ‘மெம்பூல்’ என்றே இருக்கும். மாற்றுவதானால் முதல் முறை எழுப்பும் முன்பே மாற்றிவிடுங்கள். அந்த மாறிகளை மரியாடிபி இமேஜ் பார்ப்பது வெற்றுக் கோப்புறையைக் காணும்போது மட்டும்தான். ஒருமுறை உருவான பிறகு கம்போஸ் கோப்பில் எத்தனை முறை மாற்றினாலும் டேட்டாபேஸ் பழைய பாஸ்வேர்டையே கேட்கும். பேக்எண்ட் அனுமதி மறுப்பு என்று கத்தும். மாதிரிக் கோப்பில் வெகுகாலம் இருந்த மரியாடிபி 10.5 வரிசைக்கு 2025 ஜூனோடு ஆதரவு முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் நீண்ட ஆதரவுள்ள அடுத்த வரிசை ஒன்றிலேயே தொடங்கலாம்.

நிறுத்தும்போது ஒரு நிமிடம் பொறுக்கும்படி ஒரு வரி இருக்கும். தேவையற்றது என்று அதை அழிப்பவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். பேக்எண்ட் நிற்கும்போது, நினைவகத்தில் வைத்திருக்கும் காத்திருப்புப் பரிவர்த்தனைகள் முழுவதையும் கேச் கோப்புகளாக எழுதிவைக்கும். டாக்கரின் இயல்பு அவகாசம் 10 விநாடி. அதற்குள் எழுதி முடியாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். கேச் போனால் அடுத்த முறை எழும்போது ஒவ்வொரு பரிவர்த்தனையையும் மறுபடி கோரிடம் கேட்க வேண்டும். நெரிசலான நாளில் அது லட்சத்துக்கு மேல் போகும்.

இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ குறிச்சொல் வேண்டாம். ஃப்ரண்ட்எண்ட், பேக்எண்ட் இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண்ணை எழுதி நிறுத்துங்கள். ஒன்று புதியது, மற்றது பழையது என்றால் பக்கங்கள் பாதி வெறுமையாக வரும்.

நினைவக வரம்பு போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். கோரின் காத்திருப்பு அறை இயல்பாக 300 எம்பி. அதன் பிரதியைத் தன் பாணியில் விரித்து வைத்திருக்கும் பேக்எண்டுக்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். 1 ஜிபியில் நெருக்கினால் 137 என்ற வெளியேற்ற எண்ணோடு சத்தமில்லாமல் சாகும். மொத்தக் கணினிக்கு 8 ஜிபி நினைவகம் சமாளிக்கும், 16 நிம்மதி.

முகவரி தேடல், அதாவது முழு விஷயமும்

கோர் முகவரிக்கு அட்டவணை வைப்பதில்லை. இந்தப் பரிவர்த்தனை எது என்றால் சொல்லும். இந்த முகவரிக்கு என்னென்ன வந்தது என்றால் தெரியாது என்னும். மாதிரிக் கோப்பில் பேக்எண்ட் வகை ‘நன்’ என்று இருப்பதன் பொருள் இதுதான்: கோரோடு நிறுத்திக்கொள், முகவரியைப் பற்றிக் கேட்காதே. இதை மாற்ற மூன்று பாதை.

பெரும்பாலானோருக்கு ஏற்றது எலக்ட்ரஸ், அதாவது ரஸ்ட்டில் எழுதிய சிறிய எலக்ட்ரம் சர்வர் (முகவரி வாரியாக அட்டவணை வைத்திருக்கும் சர்வர் வகை). அட்டவணை சில பத்து ஜிபியில் அடங்கும். இது கோரின் ஆர்பிசியோடு நில்லாமல் 8333 போர்ட்டில் சக நோடு போலவும் பேசும், 0.9 பதிப்பிலிருந்து அப்படி. ஆகவே கண்டெய்னர் வலையில் இரண்டு போர்ட்டும் எட்ட வேண்டும். ஆர்பிசியை மட்டும் திறந்துவிட்டு எலக்ட்ரஸ் ஏன் எழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வாடிக்கை. அது கேட்கும் 50001 போர்ட்டும் இயல்பாக உள்முகவரியில்தான் திறக்கும், கண்டெய்னரில் 0.0.0.0 என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு மெம்பூலில் பேக்எண்ட் வகையை ‘எலக்ட்ரம்’ ஆக்கி, ஹோஸ்ட்டாக எலக்ட்ரஸ் சேவைப் பெயர், போர்ட் 50001, டிஎல்எஸ் (மறையாக்கம்) அணைப்பு. மாதிரியில் காணும் 50002 டிஎல்எஸ் போர்ட். எலக்ட்ரஸ் தானாக டிஎல்எஸ் பேசாது. முதல் அட்டவணை முடிய மணிக்கணக்கில் ஆகும், அதுவரை பதில் வராது.

இரண்டாவது ஃபுல்க்ரம், இதுவும் எலக்ட்ரம் சர்வரே. அட்டவணை 100 ஜிபிக்கு மேல் போகும், முதல் ஒத்திசைவு நீளும், ஆனால் பரிவர்த்தனை குவிந்த முகவரிகளுக்கு எலக்ட்ரஸைவிட விறுவிறுப்பாகப் பதில் தரும். ஒத்திசைவின் நடுவில் திடீரென்று நிறுத்தினால் பழைய பதிப்புகளில் அட்டவணையே கெட்டு, முதலிலிருந்து தொடங்க நேரும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் இதை முயல்வது வீண் வம்பு.

மூன்றாவது எஸ்ப்ளோரா வகை, பிளாக்ஸ்ட்ரீமின் எலக்ட்ரஸ் கிளையும் அதிலிருந்து மெம்பூல் பிரித்தெடுத்த கிளையும். பொதுத் தளம் ஓடுவது இந்த வகையில்தான். இதன் அட்டவணை, சுருக்கிய பிறகே 2023 அக்டோபரில் 610 ஜிபி என்று அதை எழுதியவர்களே குறித்திருக்கிறார்கள். சுருக்கும் சமயத்தில் ஏறக்குறைய இருமடங்கு இடம் வேண்டும். வீட்டுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

எலக்ட்ரஸோடு ஓட்டும்போது, பெரிய எக்ஸ்சேஞ்சின் முகவரியைத் தேடினால் ‘உங்கள் பேக்எண்ட் தாங்காத அளவு பரிவர்த்தனைகள்’ என்று ஒரு செய்தி வரும். அது பழுதல்ல. சொந்த வாலட்டின் முகவரிகள் ஒருபோதும் அந்த அளவை எட்டா.

மைனிங் பக்கமும் வெளித்தொடர்பும்

பேக்எண்ட் இயல்பாகக் கடைசி 11,000 பிளாக்குகளை அட்டவணைப்படுத்தும். நாளுக்கு 144 என்று வைத்தால் இரண்டரை மாதக் கணக்கு. அந்த எண்ணை -1 ஆக்கினால் தொடக்கத்திலிருந்து எல்லாம். 9 லட்சத்தைத் தாண்டிவிட்ட பிளாக்குகளை ஒவ்வொன்றாகக் கோரிடம் கேட்டு முடிக்க நாள்கணக்கில் ஆகும், மற்ற பக்கங்களும் அதுவரை மந்தமாக இருக்கும். எந்த மைனிங் குளம் (சேர்ந்து வெட்டும் மைனர் கூட்டம்) எத்தனை சதவீத பிளாக் வெட்டியது என்ற பத்தாண்டு வரலாறு தேவைப்படாதவர்கள் இயல்பிலேயே விடலாம்.

சொந்தமாக ஓட்டினாலும் பேக்எண்ட் முற்றிலும் மௌனச் சாமியார் அல்ல. மைனிங் குளங்களின் பட்டியலைக் கிட்ஹப்பிலிருந்தும், விலையைச் சில எக்ஸ்சேஞ்சுகளிடமிருந்தும் கேட்டு வாங்கும். உங்கள் முகவரிகள் அதில் போகாது. இந்த ஐபியில் மெம்பூல் ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். அதுவும் வேண்டாமென்றால் சாக்ஸ்5 ப்ராக்ஸி அமைப்பில் ஐபியை மறைக்கும் டாரைக் கொடுக்கலாம். மொத்தமாக இணையத்தை அடைத்தால் குளப் பட்டியல் வராது, மைனிங் பக்கம் காலியாகக் கிடக்கும்.

திரையில் தெரிவது உலகத்தின் காத்திருப்பு வரிசை அல்ல, உங்கள் நோடின் வரிசை. பழைய கோர் பதிப்பு ஒரு விபைட்டுக்கு (பரிவர்த்தனை அளவின் அலகு) 1 சடோஷிக்கு (பிட்காயினின் மிகச் சிறு அலகு) குறைந்த கட்டணத்தை உள்ளேயே விடாது, 29.1 முதல் அந்த வாசல் 0.1 ஆக இறங்கியது. பொதுத் தளத்தில் இருக்கும் மலிவுப் பரிவர்த்தனை உங்களிடம் இல்லையென்றால் முதலில் நோடின் பதிப்பைப் பாருங்கள்.

வாசல், பூட்டு, லாக்

மெம்பூலில் உள்நுழைவு என்று ஒன்று கிடையாது. போர்ட்டை எட்டியவர் எல்லாம் பார்க்கலாம். மாதிரிக் கோப்பு 80-ஐ எல்லா இடைமுகத்திலும் திறக்கிறது. யூஎஃப்டபிள்யூவில் 80-ஐ அடைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்டெய்னர் ஹோஸ்ட்டைக் கூப்பிடும்போது தடுத்த அதே ஃபயர்வால், வெளியாள் கண்டெய்னரைக் கூப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்கும். வாடகை சர்வரில் இது நேரடி ஆபத்து. போர்ட் வரியின் முன்னால் 127.0.0.1 சேர்த்து உள்முகவரியில் கட்டுங்கள். வெளியிலிருந்து பார்க்க வயர்கார்டு போன்ற விபிஎன்னோ, டார் மறைவுச் சேவையோ, பாஸ்வேர்டு போட்ட ரிவர்ஸ் ப்ராக்ஸியோ (முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) வையுங்கள்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்தால் வெப்சாக்கெட் (திரையை நேரலையாகப் புதுப்பிக்கும் இணைப்பு) தலைப்புகளைக் கடத்த மறக்க வேண்டாம். மறந்தால் பக்கம் வரும், படம் வரும், ஆனால் எதுவும் நகராது. மேலே இணைப்பு இல்லை என்று ஒரு குறிப்பு கண்ணைச் சிமிட்டும்.

டாக்கரின் இயல்பு லாக் முறைக்கு உச்சவரம்பே இல்லை. மெம்பூல் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை. ஒரு கண்டெய்னருக்கு 10 எம்பி, மூன்று கோப்பு என்று வரம்பு எழுதுங்கள்.

இது தேவையா, வேறு ஒன்றா?

தன் பரிவர்த்தனை உறுதியானதா, தன் முகவரியில் என்ன இருக்கிறது, இவ்வளவுதான் தேவை என்பவருக்கு மெம்பூல் அதிகம். பிடிசி ஆர்பிசி எக்ஸ்ப்ளோரர் என்ற நோட்ஜேஎஸ் கருவி ஒரே கண்டெய்னர். டேட்டாபேஸ் கிடையாது, கேட்கும்போது கோரிடம் கேட்டுச் சொல்லும். அதன் கோப்பகத்தில் இருக்கும் டாக்கர்ஃபைலைக் கொண்டு நீங்களே பில்ட் செய்துகொள்ளலாம். போர்ட் 3002. இயல்பில் 127.0.0.1-இல் கேட்பதால் கண்டெய்னரில் ஹோஸ்ட் மாறியை 0.0.0.0 ஆக்காவிட்டால் போர்ட்டை வெளியிட்டும் பக்கம் வராது. முகவரிக்கு இதுவும் எலக்ட்ரம் சர்வரைத்தான் நாடும். உலாவியிலேயே ஆர்பிசி கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும் பக்கம் ஒன்று இதில் உண்டு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பலகை இல்லை. அபாயமான கட்டளைகளை அது வடிகட்டும். அந்த வடிகட்டியை அகற்றும் மாறி ஒன்றும் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அழகில் மெம்பூலுக்கு எட்டாது, தொல்லையிலும் எட்டாது. 8 ஜிபி ராஸ்பெரி பை வைத்திருப்பவருக்கு எங்கள் சிபாரிசு இதுவே.

எத்திரியம் பக்கம் இருப்பவர்களுக்கு பிளாக்ஸ்கவுட் இருக்கிறது; எலிக்சரில் எழுதியது, போஸ்ட்கிரெஸ் வேண்டும், துணைக் கண்டெய்னர்களும் கூடவே வரும். சோதனைச் சங்கிலிக்கும் சொந்தச் சங்கிலிக்கும் பொருந்தும். எத்திரியம் முதன்மைச் சங்கிலிக்கு வீட்டில் முயல வேண்டாம்.

அம்பிரல் போன்ற வீட்டு சர்வர் பொதிகளில் மெம்பூலும் எலக்ட்ரஸும் ஒரே சொடுக்கில் வரும், மேலே சொன்ன முடிச்சுகளை அவர்களே போட்டுவைத்திருப்பார்கள். கண்டெய்னர் வேலை பழக ஆசையில்லாதவர்கள் அங்கே போகலாம்.

மெம்பூலேதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், முதன்மைச் சங்கிலியில் கை வைக்கும் முன் சிக்னெட் என்ற சோதனைச் சங்கிலியில் ஒத்திகை பாருங்கள். சங்கிலி சிறியது, கோரின் ஆர்பிசி போர்ட் 38332, மெம்பூலில் நெட்வொர்க் பெயரை மாற்ற வேண்டும், அவ்வளவே. மேலே சொன்ன இணைப்புப் பிழைகள் அத்தனையும் அங்கேயே தலைகாட்டிவிடும், நாள்கணக்கில் காத்திருக்காமலே.

பதிப்பை உயர்த்தும்போது பேக்எண்ட் எழுந்ததும் டேட்டாபேஸ் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். திரும்பிப் போக வழியில்லை. அதனால் உயர்த்தும் முன் மரியாடிபியின் டம்ப் (முழுப் பிரதி) ஒன்று எடுத்துவையுங்கள். பிளாக் விவரங்கள் போனால் கோரிடமிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். காத்திருப்பு வரிசையின் வரைபடம் அப்படியல்ல. நீங்கள் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் சேர்த்தது அது, கோரிடம் அதற்குப் பிரதி கிடையாது.